தக்காளியின் அடி கறுப்பது ஏன்? லாச்சப்பல் தோட்டக்காரருக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸ் மாநகரின் வடபால், லாச்சப்பல் வட்டாரத்திலே, பகிர்வுத் தோட்டங்களின் சிறு பாத்திகளிலும் மரப்பெட்டிகளிலும், அதுவும் கிட்டாதவிடத்துப் பல்கனிச் சாடிகளிலும், தக்காளி வளர்த்துவரும் அன்பார்ந்த தமிழ்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்து, முதற் குலையிலே காய் திரளத் தொடங்கியதும் நம் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஒரே விதமான வருத்தம் எழுவதைக் கண்டுவருகிறேன். காம்புப் பக்கத்தில் மாசு மறுவின்றிப் பளபளக்கும் காயைக் கையிலேந்தித் திருப்பிப் பார்த்தால், பூ உதிர்ந்த அடிமுனையில் முதலில் நீர் கோத்த ஒரு மங்கல் வட்டம் தெரியும். சில நாட்களில் அது கபில நிறம் கொண்டு, பின்னர் கறுத்து, உள்வாங்கி, தடித்து வறண்டுபோகும். காயோ உரிய காலத்துக்கு முன்பே சிவந்து, பார்ப்பவருக்குப் பழுத்த பழம் போலவே தோன்றி, பறித்த பிறகுதான் தன் குறையைக் காட்டும். பக்கத்துப் பாத்திப் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கு நுவார்' என்கிறார்கள். நம்மவர்கள் 'அடி கறுத்துப் போச்சுது' என்கிறார்கள். விவசாய நூல்கள் பூமுனை அழுகல் என்று குறிக்கின்றன. பெயர் எதுவாயினும், இது பூச்சியாலோ பூஞ்சணத்தாலோ வருவதன்று. செடியின் உடலியக்கத்திலே நேரும் ஒரு கோளாறு. அந்தக் கோளாற்றுக்கு இடங்கொடுக்கும் மூலகாரணத்தில் பெரும்பங்கு செடியின் பரம்பரையில் உள்ளது என்பதை உங்கள் முன் வைக்கவே இம்மடலை வரைகிறேன்.

இதை ஒரு மடலாக எழுதும் அவசியம் என்ன என்று கேட்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்து, இறைப்பின் பதமும் பசளையின் அளவும் கையறியக் கற்றவர்கள் நம்முட் பலர். 1983-க்குப் பின் இந்நகருக்கு வந்து, அடுக்குமாடிகளிலே வாழ்நாளின் பாதியைக் கழித்து, முதுமையில் ஒரு கட்டில் அளவு மண் கிடைத்ததும் அதிலே மறுபடியும் கண்டு நட்ட அவர்கள், காயின் அடி கறுத்ததைக் கண்டதும் நாவூறு பட்டது என்றும், கைராசி போய்விட்டது என்றும் தம்மையே நொந்துகொள்கிறார்கள். அயலவர்களோ, தொற்று வியாதி என்று அஞ்சிக் கண்டுகளைப் பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். இவ்விரண்டும் அநியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மழைக்காலத்தில் இலையிலும் தண்டிலும் கரிய திட்டுகளாய்ப் பரவிச் சில நாட்களிலே தோட்டத்தையே வாட்டிவிடும் 'மில்தியூ' என்னும் வியாதி வேறு. அது கிருமியால் வருவது, செடிக்குச் செடி தாவுவது. அடி கறுத்த காயோ அடுத்த காய்க்குக்கூட எதையும் ஒட்டவைப்பதில்லை. கறுத்த பாகத்தை வெட்டியெறிந்தால் எஞ்சியதைத் தாராளமாகக் கறிக்குச் சேர்க்கலாம்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணம் என்று யாரோ சொல்லக் கேட்டு, முட்டைக்கோதை இடித்துத் தூவுவோரும், பாலைக் கரைத்து ஊற்றுவோரும், பள்ளிக்கூடச் சோக்கட்டியைப் பொடித்துப் புதைப்போரும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களது சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும் பாரிஸில் அதனால் விளையும் பிரயோஜனம் மிகச் சொற்பம். நம் வீட்டுக் குழாய் நீரைக் கேத்தலிலே சில வாரம் கொதிக்கவிட்டால் அடியில் வெண்ணிறமாய்ப் படிவது எது? சுண்ணாம்பே. இந்நகரத்து நீர் அத்தகைய கடின நீர். நமக்கு மேற்கே, நடந்து போகும் தொலைவிலுள்ள மோன்மார்த்ர் குன்று, 'பாரிஸ் சாந்து' என்று உலகெங்கும் பெயர்பெற்ற பொருளுக்கு ஜிப்சம் வெட்டியெடுத்த குன்று. ஜிப்சமும் கால்சியத்தின் உப்புத்தான். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின் மேலேயே அமைந்த நிலம். அதன் கிணற்று நீரிற் சுண்ணாம்பு ஏராளம். சுண்ணாம்பு இவ்வளவு மலிந்த மண்ணிலும் நீரிலும் வளரும் செடியின் காயில் சுண்ணாம்புக் குறை தோன்றுகிறது என்றால், குறை மண்ணில் இல்லை, செடிக்குள் அது போய்ச் சேரும் வழியில் இருக்கிறது என்று கொள்வதே நியாயம்.

அந்த வழியைச் சற்று விளக்க வேண்டும். தக்காளியின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பது பெக்டின் என்னும் பொருள். அதனை இறுக்கி நிறுத்துவது கால்சியம். சுவரிலே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது. உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு கசியாமல் நிற்பதற்கும் கால்சியமே துணை. வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் என்ற குழாய்களின் வழியாகவே அது பயணஞ்செய்யும். இலையிலே சமைத்த சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசெல்லும் ஃபுளோயம் என்ற குழாய்களில் அது அனேகமாக ஏறுவதேயில்லை. ஆகவே எந்த உறுப்பு அதிக நீரை ஆவியாக்கி இழுக்கிறதோ, அந்த உறுப்புக்கே கால்சியம் போய்ச் சேரும். அகன்று விரிந்த இலை ஓயாமல் நீரை ஆவியாக்குகிறது. மெழுகு பூசிய தோலையுடைய காயோ சிறிதே ஆவியாக்குகிறது. 2019 ஜூலை 25-ஆம் நாள் பாரிஸில் 42.6 பாகை வெப்பம் பதிவானது. அத்தகைய நாட்களில், வேர் கொடுக்கும் நீரையெல்லாம் இலைகளே உறிஞ்சிக்கொள்ள, காய்க்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பூ உதிர்ந்த முதல் இரண்டு வாரங்களிலே காய் அதிவேகமாகப் பருக்கிறது. குழாய்களும் காம்பிலிருந்து அடிமுனையை நோக்கிப் போகப்போக நலிந்து அருகுகின்றன. சத்து மிகுதியாகத் தேவைப்படும் தருணத்திலே, அது மிகக் குறைவாக எட்டும் இடம் அந்த அடிமுனைதான். அங்கே சவ்வு கசிந்து, உயிரணுக்கள் மடிந்து, கறுப்புத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது எல்லாத் தக்காளிக்கும் பொது. அப்படியானால், ஒரே பெட்டியில், ஒரே நீருண்டு வளரும் இரு செடிகளுள் ஒன்று குலை குலையாய்க் கறுக்க, மற்றொன்று ஒரு காயிலும் வடுவின்றி நிற்பது ஏன்? சிறு செர்ரித் தக்காளியில் இக்கோளாறு ஏன் அரிதினும் அரிதாக இருக்கிறது? கொம்பு போல் நீண்டு நுனி கூர்ந்த 'கோர்னூ தே ஸாந்த்' என்ற வகையை இந்நாட்டுத் தோட்டக்காரர் அனைவரும் சுவைக்காகப் புகழ்ந்து, அடி கறுப்பதற்காகப் பழிப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு மண்ணிலே விடையில்லை, குலத்திலேதான் உண்டு.

கால்சியத்தின் அளவு ஒன்று, அது தங்கும் இடம் வேறொன்று என்பதைக் காட்டிய ஒரு பரிசோதனை என் மனத்தில் ஆழப் பதிந்தது. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கால்சியத்தை உயிரணுவின் உள்ளறைக்குள் தள்ளிப் பூட்டும் ஒரு புரதத்துக்குரிய மரபணுவை வேறொரு செடியிலிருந்து பெற்ற தக்காளிகளை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தக்காளிகளின் காயிலே மொத்தக் கால்சியம் சாதாரணக் காயினும் அதிகம். இருந்தும் அவை மிகக் கடுமையாக அடி கறுத்தன. சத்து முழுவதும் உள்ளறையிலே சிறைப்பட்டுச் சுவருக்கும் சவ்வுக்கும் உதவாமற்போனதே காரணம். ஒரே ஒரு மரபணுவின் மிகுதி, நிறைந்த செல்வத்தின் நடுவே வறுமையை உண்டாக்கியது! முட்டைக்கோது தூவும் நம் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்பும் சாட்சி இதுவே.

இயற்கையில் நடப்பதோ இதனினும் சூட்சுமமானது. பெரு, எக்குவடோர் தேசங்களிலே இன்றும் தானே முளைக்கும் காட்டுத் தக்காளியின் பழம் ஒரு கிராம் நிறை அளவே உள்ளது. அதில் இக்கோளாறு தோன்றுவது மிக அபூர்வம். அந்தச் சிறு கனியை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பன்னூறு மடங்கு பருக்கச் செய்தான். அவன் கைக்கொண்டது பெரிய காயை மட்டுமன்று, அதனைப் பெரிதாக்கிய மரபணு மாறுதல்களையும்தான். அவற்றுள் முதலாவதாக இனங்காணப்பட்டது இரண்டாம் குரோமோசோமிலுள்ள ஒன்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2000-ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூன்றாம் குரோமோசோமிலே காயின் உயிரணுக்களைப் பெருக்கும் வேறொரு மரபணு 2013-இல் இனங்காணப்பட்டது; அதன் பலம், ஒரு பிரதிக்கு இரு பிரதியாக அது இரட்டித்ததால் வந்தது என்று 2020-இல் தெரியவந்தது. நீளத்துக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பத்தாம் குரோமோசோமிலிருந்த ஒரு துண்டு, இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபுக்கூற்றினால் பிரதியெடுக்கப்பட்டு ஏழாம் குரோமோசோமிலே போய் அமர்ந்ததால், உருண்டைக்காய் நீள்காயாயிற்று என்பதை 2008-இல் ஓர் ஆராய்ச்சி நிறுவியது. காய் நீளும்போது காம்புக்கும் அடிமுனைக்கும் உள்ள தூரம் நீள்கிறது. பருக்கும்போது ஒவ்வொரு நாளும் வேண்டிய சத்து பெருகுகிறது. நாம் விரும்பி வளர்த்த லட்சணமே நாம் வெறுக்கும் கோளாற்றுக்கும் வாயில் திறந்துவிட்டது.

அந்த வாயிலின் இருப்பிடத்தைத் தேடிய ஆராய்ச்சிகளுள் ஒன்றை விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் பூமுனை அழுகலுக்கு ஆளாகும் தக்காளியையும் ஆளாகாத தக்காளியையும் கலந்து, அவற்றின் சந்ததிகளை எண்ணி ஆராய்ந்து, மூன்றாம், நான்காம், பதினோராம் குரோமோசோம்களிலே இக்கோளாற்றுக்குரிய இடங்களை 2021-இல் வரையறுத்தார்கள். அவ்விடங்களுட் சில, காயின் நிறையைக் கூட்டும் மரபணுக்களை ஒட்டியே அமைந்திருந்தன. வேறு சில அப்படியில்லை. ஆகவே, கோளாறு முழுவதும் பருமனின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. பருமனாகவும் இருந்து அடி கறுக்காமலும் நிற்கக்கூடிய தக்காளி சாத்தியமே என்பது என் நம்பிக்கை. அதற்கு ஜப்பானிலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு. இஸ்ரேலிய விஞ்ஞானிகள் முன்னர், பெரு நாட்டுக் காட்டினம் ஒன்றின் குரோமோசோம் துண்டுகளை, ஒவ்வொரு துண்டாக, தோட்டத் தக்காளிக்குள் புகுத்தி ஒரு குலவரிசையை உருவாக்கியிருந்தார்கள். அவ்வரிசையிலே எட்டாம் குரோமோசோமின் ஒரு பகுதியைக் காட்டினத்திலிருந்து பெற்ற செடி, உவர் நீரையும் தாங்கி, அடியழுகலையும் பெரிதும் எதிர்த்து நின்றதை 2012-இல் தொஹோக்கு பல்கலைக்கழகத்தார் எடுத்துக் காட்டினார்கள். மனிதன் கைவிட்ட காட்டுக் குலத்திலே அவனுக்கு வேண்டிய மருந்து இன்னும் இருக்கிறது.

இவ்வளவும் அறியக் கூடியதாயிற்று என்றால், அதற்கு அடிநிலமாய் நின்றது தக்காளியின் மரபுத்தொகுதி முழுவதையும் வாசித்து 2012 மே மாதத்தில் வெளியிட்ட சர்வதேச முயற்சி. 12 குரோமோசோம்களைப் பல தேசங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டபோது, ஐந்தாவதை இந்தியா ஏற்றது. ஏழாவதைப் பிரான்ஸ் ஏற்றது. காயை நீளச்செய்யும் அந்தப் பிரதி வந்து குடியேறியதும் இந்த ஏழாவதிலேதான். நாம் பிறந்த மண்ணுக்கு அண்டை நாடும், நாம் புகுந்த நாடும் ஒரே செடியின் இரகசியத்தை வாசிக்கத் தோள் கொடுத்தன என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாகிறது.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் உள்ள தக்காளியை நம்மவர் கடையிலே ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில், பெரியகுளத்திலே அண்ணஞ்சி என்ற நாட்டுவகையிலிருந்து தூண்டிய மாற்றத்தால் உண்டாக்கிய பி.கே.எம். 1 என்ற பெயர்பெற்ற வகைக்கு அந்தப் பச்சைத் தோள் உண்டு. முழுக் காயும் ஒரே சீராகச் சிவக்கும் வகைகளை வியாபாரிகள் விரும்பியதால், அச்சீருக்குக் காரணமான ஒரு பழுதுபட்ட மரபணு உலகத் தோட்டங்களெங்கும் பரவிற்று; அந்தப் பழுது, காயிலே பச்சையத்தைக் குறைத்து, அதனால் சர்க்கரையையும் குறைக்கிறது என்பதை 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆராய்ச்சி தெளிவாக்கியது. கண்ணுக்கு அழகைத் தேர்ந்தோம். நாவுக்கு இனிமையை இழந்தோம். பச்சைத் தோளைக் கண்டு இனியேனும் முகம் சுளிக்காதீர்கள்.

நம் சமையலுக்கு வருவோம். விதையும் சாறும் குறைந்து சதை மிகுந்த நீளத் தக்காளி குழம்புக்கும் சம்பலுக்கும் உகந்தது. ஃபோபூர் சன் தெனி வீதிக் கடைகளிலே பெட்டி பெட்டியாய் வாங்குவதும் அதைத்தான். ஆகவே விதைப்பதற்கும் ரோமா, சன் மர்ஸானோ, கோர்னூ தே ஸாந்த் என்று நீள்வகைகளையே தேடுகிறோம். இவை அகன்ற வயலிலே, ஆழ வேரோடி, தட்டில்லாத நீர் பெற்று வளரத்தக்கவை. நம் நிலையோ வேறு. 2001-இல் பஜோல் கூடத்து முற்றத்திலே, பாரம் ஏற்றும் மரத் தட்டுகளைப் பிரித்து அடுக்கி 'ஏகோபாக்ஸ்' தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் பெட்டித் தோட்டங்களாகவே இருந்துவருகின்றன. 2003-இல் நகரசபை 'மேன் வெர்த்' என்ற திட்டத்தால் பகிர்வுத் தோட்டங்களுக்கு அங்கீகாரம் அளித்த பின்னும், பழைய ரயில்நிலங்களின் மாசுக்கு அஞ்சிப் பெட்டி மண்ணையே நாடவேண்டியிருக்கிறது. பெட்டி மண் காலையில் ஈரம், மாலையில் வறட்சி. ஆவணி விடுமுறைக்கு ஊரை விட்டுப் போகும்போதும், மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா வேலைகளில் முழுகும்போதும் இறைப்புத் தவறுகிறது. பலவீனமான குலமும் ஒழுங்கற்ற நீரும் சந்திக்குமிடத்திலே கறுப்புத் தோன்றாதிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகையால் என் விண்ணப்பம் இது. பெட்டிக்கும் சாடிக்கும் செர்ரி வகையையோ, நடுத்தர உருண்டை வகையையோ தெரிந்துகொள்ளுங்கள். நீள்வகையை விட மனமில்லாதவர்கள் அதை ஆழ்ந்த பாத்தியிலே நட்டு, வைக்கோலால் மண்ணை மூடி, சிறிது சிறிதாக, தவறாமல் இறையுங்கள். பசளையை அள்ளிக் கொட்டாதீர்கள். அளவு மிஞ்சிய தழைச்சத்து இலையைக் கொழுக்கவைத்துக் காயின் பங்கை அதற்கே பறித்துக் கொடுக்கும். முதற் குலை கறுத்ததைப் பார்த்துக் கண்டைப் பிடுங்காதீர்கள்; வேர் நிலைபெற்றபின் வரும் குலைகள் பல சமயம் நல்லனவாகவே வரும்.

இதனினும் முக்கியம் விதை. கடைப் பொட்டலத்தில் 'எஃப் 1' என்றிருந்தால் அது இரு குலங்களின் கலப்புப் பிள்ளை. அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை பல குணமாய்ச் சிதறும். அப்படியல்லாத தூய வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், விதையிலும் தாயின் குணமே தொடரும். ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்கவேண்டும்: தூய வகையின் செடிகளெல்லாம் மரபால் ஏறக்குறைய ஒன்றே; ஒரு பெட்டியிலே அவற்றுள் ஒன்று தப்பிப் பிழைத்தால், அது நிழலின் உதவியாகவோ நீரின் உதவியாகவோ இருக்கக்கூடும், குலத்தின் மேன்மையாக இராது. எனவே தூய வகைகளிலே செடியோடு செடியை ஒப்பிடுவதை விட்டு, வகையோடு வகையை ஒப்பிடுங்கள். கலப்பினத்தின் சிதறிய சந்ததியிலேயோ, செடி செடியாகத் தெரிந்தெடுத்தாலும் பலனுண்டு. தாயை அதன் தோற்றத்தால் மதிக்காமல் அதன் பிள்ளைகளால் மதிக்கவேண்டும் என்ற முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே சர்க்கரை பீட் கிழங்கில் கையாண்டு காட்டியவர், இந்நகரத்து விதை வியாபாரக் குடும்பத்தில் தோன்றிய லூயி த வில்மொரன். மெண்டலின் விதிகளை உலகம் அறிவதற்கு முன்பே அவர் அதைச் செய்தார். சேன் நதிக்கரையின் மெஜிசெரித் துறையில் அக்குடும்பத்துப் பெயர் தாங்கிய விதைக்கடையை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள்.

நம் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே ஆண்டில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு வகைகளை அருகருகே நட்டுக் கணக்கு வைத்தால், எந்த வகை நம் பெட்டிகளுக்கு ஏற்றது என்பதை எந்த நிபுணரையும் கேளாமல் நாமே அறியலாம். கணக்கும் எளியது: வகையின் பெயர், கன்று நட்ட தேதி, முதல் இரண்டு குலைகளில் காய்த்த காய் எத்தனை, அடி கறுத்தது எத்தனை, பெட்டியா பாத்தியா சாடியா, வெப்பம் மிகுந்த நாட்களில் யாரும் நீரிறைத்தார்களா. வடு காணாத வகையின் நன்கு பழுத்த பழத்தைப் பிளந்து, விதையைச் சதைக்கூழோடு ஒரு கிண்ணத்து நீரிலிட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, ஒரு பீங்கான் தட்டிலே நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். ஈரமின்றிக் காத்தால் அவ்விதை நாலைந்து ஆண்டு முளைக்கும். அரசாங்கப் பட்டியலில் இடம்பெறாத பொதுவுடைமை வகைகளின் விதையை வீட்டுத் தோட்டக்காரருக்கு விற்பதற்கும் 2020 ஜூன் 10-ஆம் தேதிச் சட்டம் வழிவிட்டிருக்கிறது; தமக்குள் இலவசமாகப் பரிமாறிக்கொள்வோர் அஞ்சவேண்டியது ஏதுமில்லை.

இலையுதிர்காலத்திலே இவ்விதைகளைக் கணக்குக் குறிப்போடு ஓரிடத்திற் சேர்த்துவைத்தால், பாரிஸின் குளிருக்கு ஏற்ப மாசி முடிவிலோ பங்குனித் தொடக்கத்திலோ வீட்டுச் சாளரத்தருகே நாற்றுப் போடும் வேளையில் எல்லாருக்கும் பங்கிடலாம். சேர்க்கும் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். கறுத்த காய்களின் கணக்கையும் மறைக்காமல் அனுப்புங்கள்; எந்த வகையைக் கைவிடவேண்டும் என்பதைச் சொல்வது அந்தக் கணக்கே.

இங்ஙனம்,
உங்கள் தோட்டத்து அயலவன்